சுண்டுவிரல் அமரும் வரைக்கும்

சந்தனமாரிக்கு அந்த வகுப்பின் பெயரே முதலில் சரியாகக் காதில் விழவில்லை. மகள் சண்முகப்ரியாதான் சொன்னாள். அவளுக்கு ஒரு ஷிப்பிங் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை. கண் ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு அக்கா நோட்டீஸ் கொடுத்தாளாம். சனிக்கிழமைதோறும் பத்து மணிக்கு ஆர்ட் தெரபி.

“ஆட்டுத் தெரபியா? ஆட்ட வெச்சி என்னளா செய்வாவ?”

“ஆர்ட்டும்மா. படம் போடுதது. வேலைய விட்டவங்க, புருசன எழந்தவங்க, இப்படி வாழ்க்க திடீர்னு மாறிப்போனவங்க ஒண்ணா உக்காந்து படம் போடுவாங்க. மனசு லேசாவுமாம்.”

“எம் மனசு லேசாத்தான் கெடக்கு. கைதான் கனக்கு.”

அது பொய்யில்லை. முப்பத்தோரு வருஷம் உப்பு வாரிய கை. பலகையைப் பிடித்துப் பாத்தியிலிருந்து உப்பை வரப்புக்கு இழுத்து, கூடையில் அள்ளி, தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரக் குவியலில் தட்டிய கை. வேலை நின்று நாலு மாதம் ஆகியும் அந்தக் கைக்கு மட்டும் சேதி போய்ச் சேரவில்லை. வீட்டை ஒரு நாளைக்கு நாலு தரம் பெருக்கினாள். சட்டியைத் தேய்த்துத் தேய்த்தே அடியை மெலிய வைத்தாள். கணவன் தாணுலிங்கம் துறைமுகத்திலிருந்து நிலக்கரி லாரி ஓட்டுகிறவன். வந்தால் குளித்துச் சாப்பிட்டுத் தூங்குவான். ஒருநாள் அவன் படுத்திருந்த பாயையே உருவி உதறப் போனாள். அன்றைக்குத்தான் அவன் மகளைத் தனியே கூப்பிட்டு, உங்கம்மையை எங்கேயாவது கொண்டுபோய் விடு தாயே என்று சொல்லியிருந்தான்.

உப்பளத்தில் வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை. உப்பில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும். குனிந்து வேலை செய்கிறவளுக்கு அதிலிருந்து தப்ப வழி கிடையாது. மாரியின் வலது கண்ணில் புரை விழுந்திருந்தது. இடது கண்ணில் சதை வளர்ந்து பாவையை மூடியிருந்தது. வேலை நின்ற பிறகுதான் இரண்டுக்கும் ஆபரேசன் செய்தார்கள். வலது தேறியது. இடதில் பாதிப் பார்வைதான் மிச்சம். இனி அளத்தில் கால் வைத்தால் அதுவும் போய்விடும் என்று சொல்லி, முகத்தில் பாதியை மறைக்கும் கருப்புக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்து டாக்டர் அனுப்பிவிட்டார்.

கண் போனதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பிளாரன்ஸ் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

பிளாரன்ஸ் அவளுடைய ஜோடி. தலைச்சுமைக்காரிக்கு ஜோடி இல்லாமல் அளத்தில் வேலை கிடையாது. உப்பு நிறைந்த கூடையைத் தன்னந்தனியாகத் தலைக்கு ஏற்ற எவளாலும் ஆகாது. எதிரே ஒருத்தி நின்று தூக்கிவிட வேண்டும். இன்றைக்கு மாரி சுமந்தால் பிளாரன்ஸ் தூக்கிவிடுவாள். நாளைக்கு முறை மாறும். இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஓடியது. மாரியின் கோயில் கொடைக்குப் பிளாரன்ஸ் வருவாள். பிளாரன்ஸின் மாதா கோயில் திருவிழாவுக்கு மாரி போவாள். இவள் வீட்டுச் சண்டைக்கு அவள் வந்து நாலு வார்த்தை சேர்த்துத் திட்டிவிட்டுப் போவாள்.

மாசி மாதத்தில் ஒருநாள், தூக்கிவிடுகிற முறை மாரியுடையது. கூடை பிளாரன்ஸின் தலையில் சரியாக உட்காருமுன் கையை விட்டுவிட்டாள். கூடை சரிந்து கழுத்தில் இறங்கியது. பிளாரன்ஸ் உப்பின்மேல் குப்புற விழுந்தாள். கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு ஒரு மாதம் வீட்டில் கிடந்தாள். ஆனால் மாரிக்கு அடி விழுந்தது மறுநாள். கங்காணி அவளைக் கூப்பிட்டு, ஒனக்குக் கண்ணு தெரியலன்னு பிளாரன்ஸே சொல்லுதாளே, இனிமே வராதே, எவளையாவது கொன்னு போட்டுருவே என்று அனுப்பிவிட்டான்.

பிளாரன்ஸ் காட்டிக்கொடுத்துவிட்டாள். மாரிக்கு அதற்கு வேறு பெயர் தெரியவில்லை.

கழுத்துப் பட்டையோடு பிளாரன்ஸ் இரண்டு தரம் வீடு தேடி வந்தாள். இரண்டு தரமும் மாரி சுவரைப் பார்த்துப் படுத்துத் தூங்குகிறவள்போலக் கிடந்தாள். பிளாரன்ஸ் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, சண்முகப்ரியா போட்ட காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள். மூன்றாம் தரம் வரவில்லை. வந்ததைவிட வராததுதான் அதிகம் வலித்தது. இதை யாரிடமாவது சொல்லி ஆற வேண்டும்போல இருந்தது. சொல்வதற்கு இருந்த ஒரே ஆள் பிளாரன்ஸ்.

வகுப்பு பழைய துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில், ஒரு அறக்கட்டளையின் மாடியில் நடந்தது. ஆறு பேர் வந்திருந்தார்கள். அதில் ராஜதுரை அண்ணாச்சி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதை வரையச் சொன்னாலும் கிரேன்தான் வரைவார். நிலாவை வரையச் சொன்னபோது அதற்கு மேலே ஒரு கொக்கியைப் போட்டுத் தொங்கவிட்டார். வகுப்பு நடத்தும் ஜெபிஷா நாசரேத்துக்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். சென்னையில் இதற்கென்றே படித்துவிட்டு வந்தவள். யாரையும் அவசரப்படுத்தாமல் பேசுவாள். மாரி அவளை டீச்சர் என்றே கூப்பிட்டாள்.

முதல் சனிக்கிழமை மாரிக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. ஜெபிஷா ஒரு பெரிய வெள்ளைத் தாளை அவள் முன்னால் விரித்து, சாக்பீஸ் போன்ற வண்ணக்கட்டிகள் கொண்ட பெட்டியைத் திறந்துவைத்தாள். ஜன்னல் வெயில் நேரே தாளில் விழுந்தது. அவ்வளவுதான். மாரியின் இரண்டு கண்ணும் கொட்டத் தொடங்கின. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், திரும்பவும் கொட்டியது. ஜெபிஷா பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தாள்.

“அழுங்கம்மா. அடக்க வேண்டாம். இங்க யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க.”

ராஜதுரை அண்ணாச்சி மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரோ ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அழவில்லை என்று சொன்னால் இத்தனை பேர் காட்டிய அன்பு வீணாகிவிடுமே என்று மாரிக்குச் சங்கடமாக இருந்தது. அதனால் அழாமலேயே கொஞ்ச நேரம் அழுதுகொண்டிருந்தாள். பிறகு, கருப்புத் தாள் இருக்கிறதா என்று கேட்டாள்.

கருப்புத் தாள் இருந்தது. மாரி அதன்மேல் கருப்புக் கட்டியையே எடுத்துத் தேய்த்தாள். என்ன வரைவது என்று ஒன்றும் தோன்றவில்லை. கை மட்டும் பலகை இழுக்கிற மாதிரி தன்னை நோக்கி இழுத்தது, தள்ளியது, இழுத்தது. தாளுக்குள் வெளிச்சம் இல்லாததால் கண் உறுத்தவில்லை. பன்னிரண்டு மணிக்கு எழுந்தபோது தோள்பட்டையில் நாலு மாதமாக இருந்த இறுக்கம் ஒரு சுற்றுத் தளர்ந்திருந்தது. அடுத்த சனிக்கிழமையும் அதையே செய்தாள். ஜெபிஷா ஒவ்வொரு தரமும் அந்தக் கருப்பைக் கவலையோடு பார்த்து, தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் சனிக்கிழமை ஜெபிஷா நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். இரண்டு வாரமாக நீங்கள் இருட்டைத்தான் வரைகிறீர்கள், அது உங்கள் துக்கம், அதை மதிக்கிறேன் என்றாள். பிறகு மஞ்சள் கட்டியை எடுத்து மாரியின் கையில் கொடுத்தாள். இந்த இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஒரு பாதை போடுங்கள், சின்னதாக இருந்தாலும் போதும் என்றாள்.

மாரி அந்த மஞ்சள் கட்டியைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு மேசையில் வைத்தாள்.

“டீச்சர், வெளிச்சம்தான எங் கண்ணத் தின்னுச்சி. திரும்பவும் அங்கனயே போவச் சொல்லுதிய.”

ஜெபிஷாவுக்கு விளங்கவில்லை. மாரி சொன்னாள். அளத்தில் சாயங்காலம் வேலை முடிந்ததும் முந்தானையை முகத்தில் போட்டு இருட்டாக்கிக்கொண்டு உட்காருவோம், அந்த இருட்டுதான் எங்களுக்கு இளைப்பாறல். அன்றைக்கு நான் அழவும் இல்லை, வெள்ளைத் தாள் கண்ணில் அடித்தது, அதுதான் தண்ணீர் கொட்டியது என்று அதையும் சேர்த்தே சொல்லிவிட்டாள். ராஜதுரை அண்ணாச்சி தும்முவதுபோலச் சிரிப்பை அடக்கினார்.

ஜெபிஷா சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து தான் எழுதியிருந்ததைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தாள். எழுந்துபோய் மாரியின் பக்கத்து ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டாள். தலைக்கு மேலே எரிந்த ட்யூப்லைட்டையும் அணைத்தாள்.

“எந் தப்புதான்ம்மா. மொதல்லயே கேட்டிருக்கணும்” என்றாள். “சரி, நெழல்ல உங்களுக்கு என்ன தெரியும்? நீங்க விட்டுட்டு வந்ததுல ஒண்ணே ஒண்ணு.”

மாரி கருப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். கூடை ஒன்று போடலாம் என்றுதான் செங்கல் நிறக் கட்டியை எடுத்தாள். கூடை வரவில்லை. ஒரு குதிகால் வந்தது. அதிலிருந்து பாதம் வந்தது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பக்கத்தில் இன்னொரு பாதம் வந்தது. இரண்டும் அவளை நோக்கி விரலை நீட்டி நின்றன.

கூடை தூக்கிவிடுகிறவள் முகத்தைப் பார்க்க மாட்டாள். அளத்தில் முகம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொருத்தியும் துணியைச் சுற்றிக்கொண்டு கண்ணை மட்டும் விட்டிருப்பாள். நிமிர்ந்தால் வெயில் குத்தும். அதனால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று கூடையைத் தூக்கும்போது மாரியின் கண் கீழேதான் இருக்கும், பிளாரன்ஸின் நிழலில், பிளாரன்ஸின் காலில். அந்தக் கால் அவளுக்குத் தன் காலைவிட நன்றாகத் தெரியும். கட்டைவிரல் நகம் பிளந்து கருத்தது. குதிகாலில் உப்பு அறுத்த வெடிப்பு. இடது காலில் சுண்டுவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறிக் கிடக்கும், பிறவியிலேயே அப்படி. தலையில் பாரம் சரியாக உட்கார்ந்ததும் பாதம் விரிந்து, அந்தச் சுண்டுவிரல் கீழே இறங்கித் தரையில் அமரும். அது அமர்ந்தால் கையை விடலாம். இருபத்திரண்டு வருஷமாக மாரிக்கு அதுதான் கணக்கு. இதைப் பிளாரன்ஸிடம் அவள் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டிய விஷயமாக ஒருநாளும் தோன்றவில்லை.

எல்லா விரலும் போட்டு முடித்து, கடைசியில் அந்தச் சுண்டுவிரலுக்கு வந்தபோது கை நின்றது. மாசி மாதத்து வெயில் அன்று வெள்ளை வெளேர் என்று அடித்தது. பிளாரன்ஸின் கால் உப்போடு உப்பாகக் கரைந்துபோய்விட்டது. விரல் இல்லை, கால் இல்லை, ஒன்றுமே இல்லை. அமர்ந்திருக்கும் என்று நினைத்துக் கையை விட்டாள்.

கட்டியை அழுத்திப் பிடித்து, சுண்டுவிரலைக் கோணல் மாறாமல், ஆனால் தரையில் அமர்த்தியே போட்டாள்.

ஜெபிஷா வந்து பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை எதுவும் அர்த்தம் சொல்லவில்லை. யார் கால் என்று மட்டும் கேட்டாள். எங் கூட்டாளி காலு என்றாள் மாரி. இதைச் சுவரில் மாட்டலாமா என்றதற்கு, “கால்காரி பாக்காண்டாமா டீச்சர்” என்றாள். ஜெபிஷா படத்தின்மேல் ஒரு மெல்லிய தாளை வைத்து, பொடி உதிராமல் தளர்வாகச் சுருட்டிக் கொடுத்தாள்.

மாரி வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் நின்ற டவுன் பஸ்ஸில் ஏறினாள். ஊரைத் தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் அளம்தான். முகத்தை எந்தப் பக்கமும் திருப்பாமல் முன்னால் உட்கார்ந்திருந்த ஆளின் சட்டைக் காலரையே பார்த்துக்கொண்டு போனாள். பிளாரன்ஸ் கதவைத் திறக்காவிட்டால் என்ன செய்வது என்று ஒரு யோசனை. திறந்துவிட்டால் என்ன பேசுவது என்று இன்னொரு யோசனை. இறங்க வேண்டிய இடம் வருவதற்குள் இரண்டு தரம் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கித் திரும்பிவிடலாம் என்று எழுந்தாள். இரண்டு தரமும் உட்கார்ந்துவிட்டாள்.

பிளாரன்ஸ் வீட்டுக் கதவு திறந்தேதான் கிடந்தது. வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, ஈரத் தலையோடு தரையில் உட்கார்ந்து கருவாட்டைத் தொட்டுக்கொண்டு சோறு தின்றுகொண்டிருந்தாள். கழுத்துப் பட்டை ஆணியில் தொங்கியது. வாசலில் நிழல் விழவும் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

“ஏளா, ஒரு வழியா முழிச்சிட்டியா? நாலு மாசமால்லா தூங்குன.”

மாரி செருப்பைக் கழற்றினாள். உள்ளே போய், சுருட்டிய தாளை நீட்டினாள். பிளாரன்ஸ் இடது கையால் வாங்கி, சோற்றுக் கை படாமல் விரித்து, தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“யாரு காலு இது?”

“ஒங் காலுதான்.”

பிளாரன்ஸ் தன் காலைப் பார்த்தாள். திரும்பவும் படத்தைப் பார்த்தாள். முகத்திலிருந்த குத்தல் போய், வேறு ஏதோ ஒன்று வந்தது.

“எனக்கு எடது காலுலல்லா வெரலு கோணி இருக்கும். நீ வலப்பக்கம் போட்டிருக்க. அவ்வளவு மோசமாப் போச்சா ஒங் கண்ணு?”

மாரி தாளை வாங்கித் தரையில் வைத்தாள். அப்படியே ஒரு அரை வட்டம் திருப்பி, விரல்கள் பிளாரன்ஸுக்கு வெளிப்பக்கமாக இருக்கும்படி தள்ளினாள்.

“இப்பம் பாரு. நான் எதிர்த்தாப்புலல்லா நின்னேன்.”

பிளாரன்ஸ் பார்த்தாள். இப்போது கோணல் விரல் இடது பக்கம் வந்திருந்தது. தட்டில் கையை வைத்தபடியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கை காய்ந்து சோறு ஒட்டிப்போயிற்று.

“இது ஏன் அமுந்தி கெடக்கு? எப்பமும் மேலல்லா நிக்கும்.”

மாரி சொன்னாள். பாரம் உட்கார்ந்ததும் அந்த விரல் அமரும் என்பதையும், அதைப் பார்த்துத்தான் இத்தனை வருஷமும் கையை விட்டாள் என்பதையும் தரையைப் பார்த்தே சொன்னாள்.

“அன்னைக்கு வெரலு தெரியல பிளாரன்ஸு. ஒண்ணுமே தெரியல. தெரியலன்னு வாயத் தொறந்து சொல்லாம, நானாக் கைய விட்டுட்டேன்.”

பிளாரன்ஸ் தட்டை ஒதுக்கிவைத்தாள். எழுந்துபோய்க் கையைக் கழுவினாள். திரும்பி வந்து உட்காராமல் நின்றாள்.

“ஒனக்குக் கண்ணு தெரியலங்கது, நான் வெழுகதுக்கு ஆறு மாசம் முந்தியே எனக்குத் தெரியும். வரப்புல நான் எதுக்கு முன்னால போனேன்னு நெனைக்க? எங் குதிகாலப் பாத்து நீ நடந்துக்கிடுவேன்னுதான். கங்காணி கேட்டப்பல்லாம், அவளுக்குத் தலவலின்னு பொய் சொன்னேன்.”

“பெறவு ஏன் சொன்ன?”

“கூடை வெழுந்ததுக்குச் சொல்லலளா.” பிளாரன்ஸின் குரல் இறங்கியது. “நான் வெழுந்து கெடக்கேன். நீ என்னையத் தூக்க ஓடி வந்த. வந்து கைய நீட்டுன. எனக்கு ஒரு முழம் தள்ளி, வெறும் உப்பப் பாத்துக் கைய நீட்டிக்கிட்டு, எந்திரிளா, எந்திரிளான்னு கூப்புடுத. அத என்னால பாக்க முடியல மாரி.”

மாரிக்கு இது தெரியாது. அன்று பிளாரன்ஸின் கையைப் பிடித்தது நினைவிருந்தது. அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் தெரிந்தது. விழுந்து கிடந்தவள்தான் கையை நீட்டி இவளைத் தேடிப் பிடித்திருக்கிறாள். மாரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடிக்கு அடியிலிருந்து தண்ணீர் இறங்கியது.

“அழுவுதியா, கண்ணு ஊத்துதா?”

“தெரியல.”

“ரெண்டும் ஒண்ணுதான். தொடச்சிக்கோ.” பிளாரன்ஸ் துண்டை எடுத்து அவள் மடியில் போட்டாள். புதுசாகச் சேர்ந்த ஜோடி சின்னப் பெண், அவசரக்காரி, கூடையைத் தலையில் வைக்கிறாளா எறிகிறாளா என்று தெரியவில்லை என்றாள். மாரிக்குக் கேட்கக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கவும் அவள் முயலவில்லை.

பிளாரன்ஸ் தரையில் கிடந்த தாளைக் கொஞ்சம் இழுத்து நேராக்கினாள். கையை இடுப்பில் ஊன்றி, படத்தில் இருந்த பாதங்களின்மேல் தன் பாதங்களைப் பொருத்தி ஏறி நின்றாள்.

“இப்பம் பாரு. அமுந்திருக்கா?”

மாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள். வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு. எல்லாம் நன்றாகத் தெரிந்தது.

“இல்ல. மேலதான் கெடக்கு.”

“சொமை இல்லைல்லா. பெறவு எப்படி அமுங்கும்?”

சொல்லிவிட்டு இறங்கினாள். செங்கல் நிறப் பொடி இரண்டு உள்ளங்காலிலும் அப்பிக்கொண்டது. தாளில் விரல்கள் கலைந்து, கோடு எது கால் எது என்று தெரியாமல் ஆகிவிட்டது. பிளாரன்ஸ் அதைப் பார்த்துப் பதறி, அய்யோ படம் போச்சே என்றாள்.

“போவட்டும். அடுத்த சனிக்கெழம வேற போட்டுக்கிடுதேன்.”

“போடுததுதான் போடுத, மூஞ்சியப் போடு. காலப் போயி எவளாவது படம் போடுவாளா?”

“ஒம் மூஞ்சிய நான் எங்க பாத்தேன்? துணியச் சுத்திக்கிட்டுல்லா நிப்ப.”

பிளாரன்ஸ் காப்பி போட அடுப்படிக்குப் போனாள். போகிற வழியெல்லாம் சிமெண்டுத் தரையில் சிவப்பாகக் கால் தடம் விழுந்தது. கோணல் விரல் இடது பக்கமே விழுந்தது. அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

“காப்பி கொதிக்கதுக்குள்ள இங்கன வந்து எம் மூஞ்சியப் பாத்துக்க. பெறவு தெரியலன்னு சொல்லாத.”

மாரி எழுந்து போனாள்.